ரொமிக்குக் குளிசை கொடுத்தால் கட்டில் மூட்டை சாகுமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு வயது 58. கொக்குவிலில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதமாக மூட்டைப்பூச்சித் தொல்லை. கட்டிலை வெயிலில் போட்டோம், மண்ணெண்ணெய் பூசினோம், கடையில் வாங்கிய ஸ்பிரே இரண்டு போத்தல் முடிந்துவிட்டது. ஒரு பிள்ளை அறையை விட்டே போய்விட்டது. கனடாவில் இருக்கும் மகன் ஒரு யோசனை சொல்கிறான். நாய்க்கு உண்ணிக்குக் கொடுக்கும் குளிசையை எங்கள் ரொமிக்குக் கொடுத்து, அவனை அந்த அறைகளில் படுக்க விட்டால், அவனைக் கடிக்கிற மூட்டையெல்லாம் செத்துப் போகுமாம். குளிசை விலை கூட என்று தயங்கினேன். தெரிந்த ஒருவர், மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்ரின் ஊசி மருந்தில் இரண்டு மில்லி வாயில் விட்டாலே அதே வேலை செய்யும் என்று அரைப் போத்தல் தந்துவிட்டுப் போயிருக்கிறார். ரொமிக்கு வயது 4, ஊர் நாய், 14 கிலோ. வழக்கமாக விறாந்தையில் சாக்கில் படுப்பான். அறைச் சுவரிலும் விறாந்தைச் சுவரிலும் சில நேரம் பூச்சி ஏறிப் போவதைக் காண்கிறோம். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள அக்கா, முதலில் அந்த மாட்டு மருந்துப் போத்தலைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதை ஆறுதலாகக் கதைக்கலாம்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசி பெரும்பாலும் ஒரு வீதக் கரைசல். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். மாட்டின் எடையில் 50 கிலோவுக்கு ஒரு மில்லி என்பது கணக்கு. ரொமியை ஒரு சின்னக் கன்றுக்குட்டி என்று வைத்துக்கொண்டாலும், அவனுடைய 14 கிலோவுக்குக் கால் மில்லியை விடச் சொட்டுக் கூட வரும், அவ்வளவுதான். இரண்டு மில்லி என்றால் மாட்டுக் கணக்கிலேயே ஏழு மடங்கு. நாய்களுக்கு இதயப்புழு வராமல் மாதம் ஒருமுறை கொடுக்கும் ஐவர்மெக்ரின் அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். உங்களுக்குச் சொல்லப்பட்டதோ கிலோவுக்கு 1,400 மைக்ரோகிராமுக்கு மேல். இருநூறு மடங்கையும் தாண்டிவிட்டது.

நாயின் உடம்பில், இந்த மருந்து மூளைக்குள் போகாமல் வாசலில் நிறுத்தி வைக்கும் ஒரு காவல் உண்டு. கொலி இனத்திலும் அதன் உறவு இனங்களிலும், அல்சேசன்கள் சிலவற்றிலும், அந்தக் காவல் பிறவியிலேயே பழுது. அப்படிப்பட்ட நாய்க்குச் சாதாரண நாய் தாங்கும் அளவே விஷம். ரொமி ஊர் நாய் என்கிறீர்கள். யாழ்ப்பாணத்து ஊர் நாயின் பாட்டன் ஆர் என்று ஆருக்குத் தெரியும்? நுளம்பு பரப்பும் நுண்புழுக்கள் இரத்தத்தில் ஓடுகிற நாய்களும் நம் நாட்டில் இருக்கின்றன. அந்தப் புழுக்கள் ஒரே நாளில் கூட்டமாகச் செத்தாலும் நாய் ஆபத்தான நிலைக்குப் போகலாம். இப்படி மாட்டு மருந்து குடித்த நாய்களைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீணீர் வடியும், கால் பின்னும், கண் திறந்திருக்கும் ஆனால் பார்வை இராது, சுவரில் போய் முட்டும். முறிமருந்து என்று ஒன்று இல்லை. சேலைன் ஏற்றி, உடம்பு மருந்தைக் கழித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியதுதான்.

இத்தனை ஆபத்துக்குப் பிறகும் மூட்டை சாகும் என்பதற்கு உறுதியில்லை. நாயின் இரத்தத்தில் ஐவர்மெக்ரின் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டு போகும். மூட்டையோ ஒருமுறை வயிறு நிறையக் குடித்தால் மூன்று நாளோ ஒரு வாரமோ கழித்துத்தான் அடுத்த சாப்பாட்டுக்கு வெளியே வரும். அது வரும்போது மருந்து நன்றாகக் குறைந்து போயிருக்கும்.

இனி மகனின் யோசனை. அது விசர்க் கதை இல்லை, அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறுத்துச் சொல்லும்போது பிள்ளையோடு ரெலிபோனில் சண்டை பிடிக்காதீர்கள்.

அவர் சொல்லும் குளிசைகள் ஐசொக்சசோலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அஃபொக்சொலானர், புளூரலானர், சரோலானர், லொட்டிலானர் என்று நான்கு. நெக்ஸ்கார்ட், பிரவெக்ரோ, சிம்பாரிக்கா, கிரெடெலியோ என்ற பெயர்களில் விற்பவை இவைதான். 2013, 2014 அளவில் வரத் தொடங்கிய இந்த மருந்துகள் நாய் வைத்தியத்தையே மாற்றிவிட்டன என்று சொன்னால் மிகையில்லை. அதற்கு முன் உண்ணி பிடித்த நாயைக் கழுவிக் கழுவியே கை வெடித்த காலம் ஒன்று இருந்தது. குளிசை வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலக்கும். உண்ணியோ தெள்ளோ அந்த இரத்தத்தைக் குடித்தால் அதன் நரம்புக்குள் இருக்கும் ஒரு சிறு வாசல் அடைபடும். நரம்பை அமைதிப்படுத்தும் வாசல் அது. அடைபட்டவுடன் பூச்சி துடிதுடித்துச் சாகும். நாயின் நரம்பிலும் அதுபோன்ற வாசல் உண்டு, ஆனால் மருந்து அதைப் பூச்சியின் வாசலைப்போல இறுக்கமாகப் பிடிக்காது. சில குளிசைகளுக்கு ஒரு மாதம் வரை வேலை. புளூரலானருக்குப் பெரும்பாலும் 12 வாரம்.

மூட்டைப்பூச்சியும் இரத்தம் குடிக்கிற பூச்சிதான். அதற்கும் அதே நரம்பு, அதே வாசல். அமெரிக்காவில் கோழிப்பண்ணைகளுக்குள் மூட்டை புகுந்து பெரிய தொல்லையானபோது, வட கரோலைனாவில் இருக்கும் ஆய்வாளர்கள் ஐவர்மெக்ரினையும் புளூரலானரையும் மூட்டைகளில் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். புளூரலானர் கலந்த இரத்தத்தைக் குடித்த மூட்டைகள், பழைய மருந்துகளுக்கு மசியாத வகைகள் உட்பட, செத்தன. ஆர்ஜென்ரீனாவின் சாக்கோ பிரதேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே சாகாஸ் என்ற நோயைப் பரப்பும் வேறொரு இரத்தம் குடிக்கும் பூச்சி மண்வீட்டுச் சுவர்களில் வாழ்கிறது. ஊர் நாய்களுக்கு இந்தக் குளிசையைக் கொடுத்தபோது அந்தப் பூச்சியின் தொகை நன்றாகக் குறைந்தது. உங்கள் மகன் இதைப் போல எதையாவது வாசித்திருக்க வேண்டும்.

ஆனால் கோழிப்பண்ணையில் மூட்டைக்குக் கோழியை விட்டால் வேறு சாப்பாடு இல்லை. இரவு முழுவதும் கோழி ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும். சாக்கோவில் அந்தப் பூச்சி நாயை விரும்பிக் குடிக்கிறது. நாயும் அது வாழும் சுவரை ஒட்டியே படுக்கிறது. இரண்டு இடத்திலும் மருந்து கொடுத்த உடம்புதான் பூச்சியின் சோற்றுக்கோப்பை. உங்கள் வீட்டில் மூட்டையின் சோற்றுக்கோப்பை கம்பஸ் பிள்ளைகள்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். முட்டையிலிருந்து வரும் மூட்டைக் குஞ்சு வளர்ந்த மூட்டையாக மாற ஐந்து தடவை சட்டை கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் முன் ஒருமுறையாவது இரத்தம் குடித்தே ஆகவேண்டும். பத்துச் சாப்பாட்டில் ஒன்றை அது ரொமியிடம் சாப்பிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ரொமியைக் கடித்தது அத்தனையும் சாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நூறு குஞ்சில் முதல் சாப்பாட்டில் பத்துப் போய்விடும், மிச்சம் 90. அடுத்ததில் 81. இப்படியே ஐந்தாவது சாப்பாடு முடியும்போது 59 குஞ்சு உயிரோடு வளர்ந்து நிற்கும். வளர்ந்த பெண் மூட்டை ஒன்று தன் ஆயுளில் 200 முட்டைக்கு மேலும் இடும். அந்த 59-இல் பாதி பெண் என்றாலும், நூறு போன இடத்தில் ஆயிரக்கணக்கில் வரும். பாதிச் சாப்பாடு ரொமியிடம் என்றால் கணக்கு வேறு. நூறில் மூன்றுதான் தப்பும். ஆனால் பாதிச் சாப்பாட்டுக்கு மூட்டை ரொமியிடம் போக வேண்டுமே.

போகாது. மூட்டை தான் குடிக்கும் உடம்புக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் ஓரிரு மீற்றருக்குள், கட்டில் மூட்டிலும் மெத்தைத் தையலிலும் ஒளிந்திருக்கும். இரவில் சூட்டையும் மூச்சுக்காற்றையும் பிடித்துக்கொண்டு கிட்ட இருக்கும் உடம்புக்குப் போகும். மேலே கட்டிலில் மயிரில்லாத கையும் கழுத்தும் அசையாமல் கிடக்கும்போது, கீழே இறங்கிச் சீமெந்துத் தரையில் மயிருக்குள் புகுந்து அடிவயிற்றைத் தேடிப் போக அதற்கு என்ன தேவை? மூட்டையின் காலும் உண்ணியின் கால்போல மயிரைப் பற்றித் தொங்க அமைந்தது இல்லை. ரொமியும் கோழி மாதிரி விடிய விடிய இருக்கிறவன் இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழும்பி ஓடுவான்.

பிள்ளைகளை வேறு இடத்தில் படுக்க வைத்து, அறையில் ரொமியை மட்டும் விட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். பசித்த மூட்டை அப்போது நாயிடம் கொஞ்சம் கூடுதலாகப் போகும்தான். ஆனால் மற்றவை சுவர் வெடிப்பாலும் வயர் குழாயாலும் பக்கத்து அறைக்கு நடக்கும். இரண்டு அறைத் தொல்லை உங்கள் படுக்கையறைக்கும் வந்துவிடும். ரொமியின் சாக்குக்குள் நாலு ஏறினால் விறாந்தைக்கும் போய்விடும்.

பிள்ளைகள் கேட்கக்கூடிய ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மருந்து இரத்தம் குடித்த மூட்டை பிறகு மனிதரைக் கடித்தால் மருந்து நமக்குள் வராது. நாய்க் குளிசையை மனிதர் போட்டுக்கொண்டால் என்ன என்றும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், சிரிக்காமல். லொட்டிலானர் 2023-இல் அமெரிக்காவில் கண்ணிமைச் சிற்றுண்ணிக்கு மனிதருக்கான சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது உண்மை. அதற்காக ரொமியின் பெட்டியில் இருக்கிறது உங்களுக்கானது ஆகிவிடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி வேறு ஒன்று. "சுவரிலும் சில நேரம் பூச்சி ஏறிப் போவதைக் காண்கிறோம்", அதுவும் விறாந்தைச் சுவரில். விறாந்தையில் படுப்பது ரொமி ஒருவன்தான்.

நாயில் வாழும் மண்ணிற உண்ணி குடித்து முடித்ததும் நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, வெடிப்பிலும் நிலைக்கட்டையிலும் கூரை விளிம்பிலும் போய் ஒளிந்து சட்டை கழற்றும். பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். குஞ்சுகள் மீண்டும் நாயைத் தேடி இறங்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் இந்த உண்ணி வருடம் முழுவதும் ஓயாது. "சுவர் எல்லாம் மூட்டை" என்று சொல்லி வந்தவர்கள் காட்டியதைப் பார்த்தால் உண்ணியாக இருந்தது எனக்குப் புதிதில்லை.

ஆகவே ஊகிக்க வேண்டாம். சுவரில் ஊர்வதில் இரண்டையும், கட்டிலில் இருந்து இரண்டையும் தெளிவான செலோரேப்பில் ஒட்டி எடுங்கள், எதை எங்கே பிடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், தலையில் உணர்கொம்பு இல்லை, உடம்பு ஒரே துண்டு. மூட்டைக்கு ஆறு கால், முன்னால் இரண்டு உணர்கொம்பு, அவரை விதையை அழுத்தித் தட்டையாக்கியதுபோல உடம்பு, குறுக்கே வரிகள். உண்ணிக் குஞ்சுக்கும் ஆறு கால்தான், அதனால் கடுகு அளவில் இருப்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், என்னிடமோ கிட்ட இருக்கும் கால்நடை வைத்தியரிடமோ காட்டுங்கள். கண்டவுடன் துள்ளிப் பறிவது தெள்ளு. படுக்கை விரிப்பில் பேனை மை ஊறியதுபோல் கறுத்தப் புள்ளிகள், மெத்தைத் தையலில் வெறும் சட்டைகள், இனிப்பாக ஒரு கெட்ட மணம் இவை இருந்தால் மூட்டை இருப்பது நிச்சயம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சுவரில் இருப்பது உண்ணி என்றால் குளிசை வாங்குவதில் தயக்கமே வேண்டாம். உண்ணிக்கு ரொமிதான் சாப்பாடு. குஞ்சு, இளசு, வளர்ந்தது மூன்று பருவத்திலும் அவனைத்தான் தேடி வரும். முன்னால் போட்ட கணக்கில் பத்துக்கு ஒன்று என்றது இங்கே பத்துக்குப் பத்து. மூன்று மாதம் விடாமல் கொடுத்தால் சுவரில் ஒளிந்திருப்பதும் பசித்து இறங்கி வந்து அவன் உடம்பிலேயே சாகும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்களால் நம் ஊரில் நாய்கள் சாவது கொஞ்சமில்லை. சாப்பாட்டை வெறுத்து, முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் வந்த பிறகு செலவழிக்கும் காசோடு ஒப்பிட்டால் குளிசையின் விலை பெரிதில்லை.

கொடுக்கும்போது சில விஷயம். ரொமிக்கு எப்போதாவது வலிப்பு வந்ததா? வந்திருந்தால் இந்தக் குடும்பத்து மருந்து எதையும் என்னைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 செப்ரெம்பரில் எச்சரித்தது. முன்பு வலிப்பே வராத நாய்க்கும் அரிதாக வரலாம். அதிகமாகக் காண்பது வாந்தியும் வயிற்றோட்டமும்தான், அது பெரும்பாலும் ஒரு நாளில் நின்றுவிடும். எடைக்கு ஏற்ற பெட்டியை வாங்குங்கள். புளூரலானர் என்றால் 10 முதல் 20 கிலோவுக்கான 500 மில்லிகிராம் குளிசை. அஃபொக்சொலானர் என்றால் 10 முதல் 25 கிலோவுக்கான 68 மில்லிகிராம். பெரிய நாயின் குளிசையை வாங்கிப் பாதியாக வெட்டிப் பக்கத்து வீட்டோடு பங்கு போடும் வழக்கம் வேண்டாம், மருந்து இரண்டு துண்டிலும் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. புளூரலானரைச் சோறு கொடுக்கும் நேரத்தோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சாது.

ரொமியின் பாடு அத்தோடு முடிந்தது. இனிப் பிள்ளைகளின் கட்டில். இது மிருக வைத்தியரின் வேலை இல்லை என்று விலகிவிடலாம்தான். ஆனால் படிக்கும் காலத்தில் ஒரு வாடகை அறையில் நானும் எட்டு மாதம் மூட்டைக்கு இரத்தம் கொடுத்தவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊத்தை வீட்டுக்குத்தான் மூட்டை வரும் என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். இரவு பஸ் சீற்றிலும், கொழும்புக்குப் போய்வந்த பையிலும், வெளிநாட்டுச் சூட்கேசிலும் ஏறி வரும் பூச்சி அது. அறையை விட்டுப் போன அந்தப் பிள்ளைக்கும் தகவல் சொல்லுங்கள், அவளுடைய பையோடு போயிருக்கும்.

ஸ்பிரே வேலை செய்யாததற்கு உங்கள் கையில் பிழையில்லை. நம் நாட்டில் இருப்பது வெப்பநாட்டு மூட்டை. இலங்கை மூட்டைகளைச் சோதித்து 2007-இல் வெளிவந்த ஆய்விலேயே அவை டிடிரி, மலத்தியன் தொடங்கிக் கடை ஸ்பிரேக்களில் இருக்கும் பைரெத்ரொயிட் வகை வரைக்கும் மசியாமல் நின்றது தெரிந்துவிட்டது. மேலும் அடித்தால் பிள்ளைகளுக்குத்தான் இருமல் வரும்.

மூட்டை தாங்காதது சூடு. 50 பாகை செல்சியஸ் சூடு உள்ளே இறங்கினால் முட்டையும் தப்பாது. வெயிலில் கட்டில் போட்டோம் என்கிறீர்கள். மேல்பக்கம் கை வைக்க முடியாமல் சுடும்போது அடிப்பக்கம் நிழல்தான், மூட்டை நடந்து அந்தப் பக்கம் போய்விடும். பலகைக் கட்டிலை வளவுக்குக் கொண்டுபோய், ஸ்குறூ ஆணி எல்லாம் கழற்றி, மூட்டுக்கு மூட்டு, துளைக்குத் துளை கொதிக்கிற தண்ணியைக் கேத்தலால் ஊற்றுங்கள். குசினியிலிருந்து ஆறிக்கொண்டு வரும் தண்ணி போதாது, அடுப்பை வளவிலேயே மூட்டுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் மிச்ச முட்டை பொரிக்கும் என்பதால் பத்தாம் நாள் திரும்பவும் ஊற்ற வேண்டும், பிறகு இன்னொருமுறை. முதல் தடவையோடு கை ஓய்ந்து நிறுத்துவதால்தான் பலருக்கும் மூட்டை திரும்பி வருகிறது.

தும்பு மெத்தைக்குக் கொதிதண்ணி ஊற்ற முடியாது. தையலில் மட்டும் இருந்தால் மொத்தப் பொலித்தீனால் முழுவதும் சுற்றி, விளிம்பெல்லாம் ரேப் ஒட்டி, அப்படியே விரிப்பைப் போட்டுப் படுக்கலாம். உள்ளே இருப்பது வெளியே வர வழியில்லாமல் பட்டினியில் சாகும், ஆனால் அதற்கு மாதக்கணக்கு வேண்டும், இடையில் கிழிந்தால் ஒட்டுங்கள். மெத்தை உள்ளுக்கும் போய்விட்டது என்றால் கிழித்து, இனி யாரும் எடுக்க முடியாதபடி ஆக்கிவிட்டு எறியுங்கள். ஒழுங்கை ஓரத்தில் முழுதாகப் போட்டால் விடிவதற்குள் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும்.

உடுப்பு, விரிப்பு, தலையணை உறை எல்லாம் கொதிதண்ணியில் அரை மணிநேரம் ஊறட்டும், பிறகு தையல் ஓரத்தை அழுத்தி மினுக்குங்கள். நனைக்க முடியாத பை, சப்பாத்து, கொப்பிகளைக் கறுப்புப் பொலித்தீனில் மெல்லியதாகப் பரப்பிக் கட்டி, நடுப்பகலில் சீமெந்துத் தட்டில் வையுங்கள். நடுவில் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். சித்திரை வெயிலை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு சூடு ஏறியிருக்கும் என்று சொல்லாதீர்கள்.

அறைக்குள் தேடும்போது பிளக் பொயின்ற் மூடி, கலண்டருக்குப் பின்னால், சாமிப் படச் சட்டம், பிரம்புக் கதிரையின் பின்னல், நுளம்பு வலையின் மேல் மடிப்பு இவற்றை விட்டுவிடாதீர்கள். பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு ரோச் லைற் அடித்துப் பார்த்தால் நடமாட்டம் தெரியும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, விரிப்பு தரையில் தொங்காமல் மடித்துவிட்டு, நான்கு காலையும் சவுக்காரத் தண்ணிக் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் வேண்டாம், பிள்ளைகள் நுளம்புத்திரி கொளுத்தும் அறை அது. மூட்டைக்கென்று வழுவழுப்பான பொறிக் கிண்ணம் கனடாவில் விற்கும், மகன் அனுப்பப் போகிறேன் என்பார். அது அங்கத்து மூட்டைக்கு. நம் வெப்பநாட்டு மூட்டையின் காலில் ஒட்டும் நுண்மயிர் அதிகம், அதனால் வழுவழுப்பிலும் ஏறி வந்துவிடும்.

இரண்டு அறையையும் ஒரே நாளில் செய்யுங்கள். எட்டு வாரம் புதுக் கடியும் புதுக் கறுத்தப் புள்ளியும் இல்லாவிட்டால் ஆறுதல் கொள்ளலாம்.

வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் அடிக்கும் மருந்து கொட்டிலில் இருக்கிறது என்று அதை மெத்தைக்கு அடிக்காதீர்கள், அக்கா. அதைவிட மோசமானது நெல்லுக்கும் கிடங்குக்கும் வைக்கும் புகைக் குளிசை. அறையை மூடி அதை வைத்து மூட்டை கொல்லப் போய்ப் பக்கத்து அறையில் தூங்கியவர்கள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அந்தக் காற்று கதவு இடுக்கால் போகும், அதற்கும் முறிமருந்து இல்லை. அப்படி ஒன்றை ஆராவது கொண்டுவந்து தந்தால் வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். இத்தனையும் செய்தும் அடங்காவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், எந்த மருந்தை எவர் அடிக்கலாம் என்று அவர் வழி சொல்வார்.

செலோரேப்பில் ஒட்டிய பூச்சிகளோடு ரொமியையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பார்த்தால், சுவரில் ஏறுவது அவனுடைய விருந்தாளியா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வரும்போது அவனுடைய சாக்கையும் கொதிதண்ணியில் போட்டுவிட்டு வாருங்கள்.